கூடுவது எளிது, கேட்பது அரிது

பங்கில் கூட்டம் என்றதும் நம்மில் பலரின் நினைவில் எழுவது யாது? ஆறு மணிக்கென அறிவிக்கப்பட்டு ஏழு மணிக்குத் தொடங்குகிறது. நால்வர் மட்டும் பேசுகின்றனர். திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்திற்கும் வாணவேடிக்கைக்கும் ஒரு மணி நேரம் கழிகிறது. ஏழை மாணவரின் கல்விக் கட்டணம் பற்றிப் பேச ஐந்து நிமிடமும் எஞ்சுவதில்லை. உண்மையான கூட்டமோ, எல்லாரும் வெளியே வந்தபின் ஆலய வளாகத்து மரத்தடியில் நடைபெறுகிறது! உள்ளே சொல்லத் துணியாததை அங்கே சொல்கிறோம். அதிலிருந்து பிறக்கும் மனத்தாங்கல்கள் ஆண்டுக்கணக்கில் குடும்பங்களைப் பிரித்துவிடுகின்றன. ஆகவே கூட்டம் நடத்தும் முறை சிறு காரியமன்று.

யெருசலேம் காட்டும் வழி

ஏறத்தாழ கி.பி. 49-ஆம் ஆண்டில் தொடக்கத் திருச்சபையைப் பிளக்கக்கூடிய ஒரு சிக்கல் எழுந்தது. புறவினத்தாரிலிருந்து மனந்திரும்பியோர் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பதே கேள்வி. அப்போஸ்தலர் பணி நூலின் 15-ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து படிப்போமானால், நல்ல கூட்டத்தின் இலக்கணம் முழுவதையும் அங்கே காணலாம். கேள்வி ஒன்றே, அது தெளிவாக முன்வைக்கப்பட்டது. மாறுபட்ட கருத்துகள் அடக்கப்படவில்லை. நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. அதன்பின் இராயப்பர் பேசினார். பர்னபாவும் சின்னப்பரும் தம் அனுபவத்தை எடுத்துரைத்தபோது கூட்டம் முழுவதும் அமைதியாய்ச் செவிமடுத்தது. யாகப்பர் எல்லாவற்றையும் தொகுத்து முடிவை மொழிந்தார். முடிவு கடிதமாக எழுதப்பட்டது. அதைக் கொண்டு செல்ல ஆட்களும் நியமிக்கப்பட்டனர்.

ஆறாம் நூற்றாண்டில் துறவு மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பரும், முக்கிய காரியங்களில் மடத்தார் அனைவரையும் அழைத்துக் கேட்கப் பணித்தார். இளையவருக்கே சிறந்த வழியை ஆண்டவர் பலமுறை வெளிப்படுத்துகிறார் என்பது அவர் கூறிய காரணம்.

ஆலோசனை என்பதன் பொருள்

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி பங்குப் பேரவைக்குத் தலைமை தாங்குபவர் பங்குத்தந்தை. பேரவைக்கு உள்ளது ஆலோசனை வாக்கு மட்டுமே. "அப்படியானால் நாம் பேசி என்ன பயன்?" எனச் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருப்பதனாலேயே, அவருக்கு உண்மை நிலை தெரிவது இன்றியமையாததாகிறது. தலையாட்டுவது ஆலோசனையாகாது.

கூடுமுன்

எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை ஒரு வாரம் முன்னரே ஞாயிறு திருப்பலியில் அறிவிப்போம். மூன்று பொருள்களுக்கு மேல் வேண்டாம். மிக முக்கியமானதை முதலில் வைப்போம். நேரத்தைத் தேர்வதிலும் நீதி உண்டு. பகலில் கூடினால் கூலி வேலைக்குச் செல்வோர் ஒரு நாள் ஊதியத்தை இழப்பர். இரவு வெகுநேரம் சென்று கூடினால் தாய்மார் வர இயலாது. யாருக்கு வசதியான நேரத்தைக் குறிக்கிறோமோ, அவர்கள் குரலே முடிவாகிவிடும்.

கூட்டத்தில்

தலைமை வகிப்பவர் தம் கருத்தை முதலில் சொல்லாதிருப்பது நலம். பெரியவர் சொல்லிவிட்டபின் மறுத்துப் பேச நம் ஊர்களில் எத்தனை பேர் துணிவர்? வட்டமாக அமர்வோம், ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசட்டும், ஒரு சுற்று முடியும்வரை யாரும் இடைமறிக்க வேண்டாம். 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்திலும் இத்தகைய முறையே கையாளப்பட்டது. ஆயர்களும், வாக்குரிமை பெற்ற பொதுநிலையினரும் பெண்களும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தனர். முதற் சுற்றில் தம் கருத்தைக் கூறினர். அமைதியில் செபித்தபின், இரண்டாம் சுற்றில் பிறர் கூறியதில் தம் உள்ளத்தைத் தொட்டதைப் பகிர்ந்தனர். மூன்றாவதாக, ஒத்த கருத்துகளையும் வேறுபாடுகளையும் இனங்கண்டனர்.

ஒருவரே நீட்டிப் பேசினால், "ஐயா, தங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம், இதுவரை பேசாதவர்களையும் கேட்போம்" எனப் பணிவோடு சொல்லலாம். கருத்துகளைக் கரும்பலகையில் எழுதினால், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது குறையும். பதினொருவர் ஒரு பக்கமும் பதின்மர் மறுபக்கமும் நின்றால், அவசரப்பட்டு வாக்கெடுக்க வேண்டாம். தோற்ற பதின்மர் மறுநாள் வேலைக்குத் தோள் கொடுப்பரோ?

கூடிய பின்

எந்த முடிவு, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்னும் மூன்றும் குறிப்பேட்டில் எழுதப்பட்டு, கலையுமுன் உரக்கப் படிக்கப்படட்டும். அடுத்த கூட்டம் அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கட்டும். வரவு செலவுக் கணக்கை ஆலய வாயிலில் ஒட்டினால் மரத்தடிப் பேச்சுகள் பாதி ஓய்ந்துவிடும்.

திருவிழா வரியை எல்லாக் குடும்பங்களும் செலுத்துகின்றன. கடைசித் தெருவின் கைம்பெண்ணும் தம் பங்கைத் தவறாது செலுத்துகிறார். ஆனால் அவர் வாய் திறந்து பேசியதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வரும் கூட்டத்தில், கதவருகே அமர்ந்திருக்கும் அவரிடமே முதற் கேள்வியைக் கேட்போம். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்போம்.