முடிவெடுக்க வேண்டியவர் அறைக்கு வெளியே!

ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு இன்று பல சிகிச்சை வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தாங்கிக் கடப்பது?

பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் கூடிப் பேசுவது ஆண்கள்தான். கணவர், அண்ணன், மருமகன், 'விவரம் தெரிந்த' சித்தப்பா என்று நான்கு பேர் மருத்துவரின் அறைக்குள் போவார்கள். நோயாளி வெளியே உட்கார்ந்திருப்பார். "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்ற வேண்டுகோள் முதலில் வரும். அடுத்து, "முழுசா எடுத்துடுங்க, உயிர்தான் முக்கியம்" என்ற தீர்ப்பும் வந்துவிடும். உடம்பு யாருடையதோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால், இந்தப் பதற்றத்தில் இரண்டு உண்மைகள் அடிபட்டுப் போகின்றன. ஒன்று, யோசிக்க நேரம் இருக்கிறது. விரலில் தட்டுப்படும் அளவுக்கு வளரவே கட்டி பெரும்பாலும் சில ஆண்டுகளை எடுத்துக்கொண்டிருக்கும். எனவே எல்லாப் பரிசோதனைகளையும் முடித்து, இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்க ஓரிரு வாரம் ஆனால் குடி முழுகிவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு முள்சீதாப் பழத்தையும் கோதுமைப்புல் சாற்றையும் நம்பியிருந்தால்தான் ஆபத்து. இரண்டாவது உண்மை, ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தவருக்குத்தான் தேர்வு செய்யும் வாய்ப்பே அதிகம். கட்டி சிறியதாக, அக்குளோடு நின்றிருக்கும் நிலையில் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள்.

எடுப்பதா, காப்பதா?

'முழுசா எடுத்தால்தான் பாதுகாப்பு' என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1882-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தையும், அதன் கீழுள்ள மார்புத் தசைகளையும், அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் சேர்த்தே அகற்றும் முறையைத் தொடங்கினார். எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற அந்த எண்ணம் முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் கோலோச்சியது. 1970-கள் வரை அமெரிக்கப் பெண்கள் பயாப்ஸிக்காக மயக்க மருந்து வாங்கிக்கொண்டு படுப்பார்கள். கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா என்பது தெரியாது. புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே அகற்றிவிடுவது வழக்கம்.

இதை எதிர்த்தவர் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர். 1974-ல் தனக்கே கட்டி வந்தபோது, "முதலில் பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், மற்றதை நான் யோசித்துச் சொல்கிறேன்" என்று அவர் நிபந்தனை போட்டார். பல மருத்துவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடாமல் எழுதினார், வாதாடினார். 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் இடம்பெற்றார். பயாப்ஸி தனி, அறுவை தனி என்ற பரிந்துரை அந்தக் கூட்டத்தில்தான் வந்தது.

அதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசியும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் பெண்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. இன்னொரு பிரிவுக்குக் கட்டியையும் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 20 ஆண்டு தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. உயிர் பிழைப்பதில் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆனால் ஃபிஷரின் ஆய்வு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொன்னது. அதில் இருந்த மூன்றாவது பிரிவில், அதாவது கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டவர்களில், 39 சதவிகிதம் பேருக்கு 20 ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14 சதவிகிதம். இன்றைய மருந்துகளோடு இந்த அளவு இன்னும் குறைந்திருக்கிறது. ஆக, மார்பகத்தைக் காக்க விரும்புகிறவர் பெரும்பாலும் கதிர்வீச்சுக்கும் சம்மதிக்க வேண்டும்.

கட்டிகள் வெவ்வேறு இடங்களில் பரவிக் கிடந்தாலோ, மார்பகத்தின் அளவோடு ஒப்பிடக் கட்டி பெரிதாக இருந்தாலோ முழுவதும் அகற்றுவது சரியாக இருக்கலாம். மருத்துவக் காரணம் ஏதுமில்லாமல், 'நிம்மதியாக இருக்கும்' என்று தானே விரும்பி அகற்றிக்கொள்ளும் பெண்ணும் உண்டு. அதுவும் நியாயமான தேர்வே. அவர் கேட்டறிந்து எடுத்த முடிவாக இருந்தால் போதும்.

அக்குள் விஷயத்திலும் இதே மாற்றம்தான். முன்பு நெறிக்கட்டிகளை மொத்தமாக எடுப்பார்கள். கை வீங்கிப்போவதற்கு அதுவே முக்கியக் காரணம். இப்போது ஆரம்ப நிலையில், நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய ஓரிரு நெறிக்கட்டிகளை மட்டும் சாயம் செலுத்திக் கண்டுபிடித்து எடுத்துப் பார்க்கிறார்கள். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடத் தேவையில்லை.

பத்துப் பக்க ரிப்போர்ட்டில் மூன்று வரிகள்

'ஊசி குத்தினால் பரவிவிடும்' என்ற பயத்தில் பயாப்ஸியைத் தவிர்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'கட்டிதானே' என்று அக்கம்பக்கத்து நர்ஸிங் ஹோமில் எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு புற்றுநோய் மருத்துவரைத் தேடுகிறவர்களும் உண்டு. ஊசி பயாப்ஸியால் நோய் பரவி ஆயுள் குறைவதில்லை. அதைச் செய்யாமல் கட்டியை எடுத்துவிட்டால்தான் சிக்கல். சிகிச்சையைத் திட்டமிடத் தேவையான தடயங்கள் பல அத்துடன் போய்விடும்.

அந்தத் தடயங்களில் முக்கியமானவை மூன்று: ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம். முதல் இரண்டும் பாசிட்டிவ் என்றால் கட்டி பெண்மை ஹார்மோன்களைத் தின்று வளர்கிறது. மாத்திரையால் அதைப் பட்டினி போடலாம். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து இருக்கிறது. வழக்கமாக ஓராண்டு போட வேண்டும். லட்சக்கணக்கில் செலவு வைத்த மருந்து இது. 2014-ல் இந்தியத் தயாரிப்பு வந்த பிறகு விலை இறங்கத் தொடங்கியது. மூன்றும் நெகட்டிவ் என்றால் கீமோவே முக்கிய ஆயுதம். இந்த வகை இந்தியப் பெண்களிடம் சற்று அதிகம்.

கீமோ எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம் என்பதே இன்றைய பதில். ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நெறிக்கட்டியில் நோய் இல்லை என்ற நிலையில் உள்ளவர்களின் கட்டியில் 21 மரபணுக்களைச் சோதித்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வொன்றின் முடிவு 2018-ல் வந்தது. நடுத்தர மதிப்பெண் பெற்ற, 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மாத்திரையோடு கீமோவைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று அது காட்டியது. இந்தச் சோதனைக்குச் செலவு அதிகம். பெங்களூருவில் உருவான மாற்றுச் சோதனையும் இருக்கிறது. இரண்டும் முடியாதபோது வயது, கட்டியின் அளவு, தரம் இவற்றை வைத்து மருத்துவர் கணிப்பார்.

சிலருக்கு அறுவைக்கு முன்பே கீமோ தொடங்குவார்கள். "ஆபரேஷன் பண்ணாம ஊசி போட்டுக்கிட்டே இருக்காங்களே" என்று குடும்பம் கலங்கிப்போகும். ஹெர்-2 பாசிட்டிவ், மூன்றும் நெகட்டிவ் வகைகளில் இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. கட்டி சுருங்கினால் மார்பகத்தைக் காக்கலாம்; மருந்து வேலை செய்கிறதா என்பதையும் கண்கூடாகப் பார்க்கலாம். கட்டி கரைந்து காணாமலே போனாலும் அறுவை உண்டு. அதனால்தான் முன்னதாகவே அந்த இடத்தில் சிறு உலோகக் கிளிப் வைக்கிறார்கள்.

கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கலாம் என்பதால், குழந்தை பெற விரும்பும் பெண் அது தொடங்கும் முன்பே தன் விருப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். கருமுட்டையைச் சேமித்து உறையவைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் தேவை. நம் நாட்டில் இந்நோய் மேலை நாடுகளைவிடச் சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே வருவதால் இது அபூர்வமான கேள்வியல்ல. நடிகை கௌதமிக்கு நோய் தெரிந்தபோது வயது 35.

கரண்ட், பஸ், வாடகை அறை

'கரண்ட் வைப்பது' என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சில் ஷாக் ஏதும் அடிக்காது. சில நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும். நாளாக ஆக அந்த இடத்துத் தோல் கறுக்கும், சோர்வு தட்டும். உண்மையான சிரமம் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. முன்பெல்லாம் ஐந்து வாரம், 25 நாள் வர வேண்டும். ராமநாதபுரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வரும் பெண் நகரத்தில் அறை எடுத்து, கூலியை இழந்து, பிள்ளைகளை யாரிடமோ விட்டு ஐந்து வாரம் தங்குவதைவிட 'மொத்தமாக எடுத்துவிடுங்கள்' என்பதே சுலபம் என்று நினைத்தார்.

பிரிட்டன், கனடா ஆய்வுகளுக்குப் பிறகு இப்போது 15 அல்லது 16 நாளே பெரும்பாலானவர்களுக்குப் போதும். தகுதியான சிலருக்கு ஒரே வாரத்தில், ஐந்தே அமர்வில் முடிக்கலாம் என்று 2020-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு சொல்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மையம், காஞ்சிபுரம் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை தவிர மதுரை, கோவை போன்ற நகரங்களின் அரசு மருத்துவமனைகளிலும் கதிர்வீச்சு வசதி இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும். எந்த மருந்து அதில் அடங்கும், எதற்கு முன் அனுமதி வேண்டும் என்பதை முதல் நாளே காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

நாள்களைத் தள்ளுவது

முதல் கீமோ போட்டு இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். கொத்துக் கொத்தாக உதிர்வதைப் பார்ப்பதைவிட முன்பே கத்தரித்துக்கொள்வது மனதுக்கு எளிது. 'திருப்பதி வேண்டுதல்' என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சமாளிக்கிறவர்களும் உண்டு. சிகிச்சை முடிந்ததும் முடி மீண்டும் வளர்ந்துவிடும்.

வாந்தி மாத்திரையை வாந்தி வரும் முன்பே, எழுதிக் கொடுத்தபடி போட வேண்டும். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரில் கொப்பளிக்கலாம். பத்தியம் என்று பட்டினி கிடக்கக் கூடாது. குழைந்த சாதம், இட்லி, பருப்பு, வேகவைத்த முட்டை எல்லாம் உடம்பு தேறத் தேவை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே, நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் சாதாரணக் காய்ச்சலும் உயிருக்கு உலைவைக்கும்.

அறுவைக்குப் பின் அந்தப் பக்கக் கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். தலை வாருவது, சுவரில் விரல்களால் ஏறுவது போன்ற பயிற்சிகளை மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து தொடங்க வேண்டும். 'இனி வாழ்நாள் முழுக்கக் குடம் தூக்கக் கூடாது' என்ற பழைய அறிவுரை இப்போது தளர்ந்திருக்கிறது. படிப்படியாக எடையைக் கூட்டிப் பழகினால் கை வீக்கம் மோசமாவதில்லை என்று 2009-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

நோயை மறைப்பதற்கு இன்னொரு காரணமும் நம் வீடுகளில் உண்டு: மகளின் கல்யாணம். 'அம்மாவுக்குக் கேன்சர்' என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகுமோ என்று அம்மாவே வாயை மூடிக்கொள்கிறார். உண்மையில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். இளவயதில் நோய் வந்தவர்களும், நெருங்கிய உறவில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களும் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். ரகசியம் காப்பதால், தன் ஆபத்தை முன்கூட்டியே அறியும் வாய்ப்பை இழப்பது அந்த மகள்தான்.

மருத்துவரிடம் நோயாளியே கேட்க வேண்டியவை

* என் நோய் எந்த நிலை? ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ன?
* மார்பகத்தைக் காக்க முடியுமா? முடியாதென்றால் ஏன்?
* கீமோவால் எனக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் எவ்வளவு?
* கதிர்வீச்சு எத்தனை நாள்? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எடுக்கலாமா?
* என் சிகிச்சையைப் பல துறை மருத்துவர்களும் கூடிப் பேசினார்களா?
* நெருக்கடி என்றால் எந்த எண்ணை அழைப்பது?

கடைசிக் கட்டம்

அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்ததும் 'எல்லாம் முடிந்தது' என்று குடும்பம் மூச்சுவிடும். ஹார்மோன் பாசிட்டிவ் பெண்ணுக்கு அப்போதுதான் நீண்ட சிகிச்சை தொடங்குகிறது: தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து. டமாக்சிஃபென் என்ற மாத்திரையை ஐந்தாண்டு சாப்பிட்டவர்களிடையே இந்நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கீமோவோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் உடம்பு திடீரென்று அனலாகக் கொதிக்கும், வெள்ளைப்படும். இதே வேலையைச் செய்யும் வேறு வகை மாத்திரைகளில் மூட்டு வலிக்கும். நோய் இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் பலர். பக்க விளைவைச் சொன்னால் மருத்துவர் மருந்தை மாற்றித் தர முடியும்.

ஐந்து ஆண்டுக்கு 1,800-க்கும் மேற்பட்ட மாத்திரைகள். ஒவ்வொன்றையும் எடுத்துப் போட வேண்டியவர் அந்தப் பெண். அண்ணனும் சித்தப்பாவும் அதற்கு வரப்போவதில்லை. தனக்கு என்ன நோய், எதற்கு இந்த மருந்து என்று முதல் நாளே தெரிந்தவர் அனல் அடித்தாலும் மாத்திரையை விடமாட்டார், மருத்துவரிடம் போய்ச் சண்டையாவது போடுவார். 'சாதாரணக் கட்டிதான்' என்று சொல்லி வைக்கப்பட்டவருக்கு அதை நிறுத்தாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. நோயாளியிடம் உண்மையைச் சொல்வது மனிதாபிமானம் என்பதோடு நிற்பதில்லை. சிகிச்சை பலிப்பதே அதைப் பொறுத்திருக்கிறது.