வேனில் டீசல் ஹீட்டர்: உறங்குவதற்கு முன் புகைக்குழாயைப் பாருங்கள்

மலாக்கா – ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இரவில்கூட மின்விசிறி இல்லாமல் கண்ணயர முடியாது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பள்ளி விடுமுறையில் வேனுக்குள் மெத்தையைப் போட்டுக்கொண்டு, தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறும் குடும்பங்களுக்கு விடை தெரியும். பிரிஞ்சாங் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது, வேனின் தகடும் சேர்ந்து சில்லிட்டுவிடும்.

கேம்பர் வேன்களுக்கென்றே செய்யப்பட்ட சிறிய டீசல் ஹீட்டர்கள் இப்போது இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. முறையாகப் பொருத்தினால் இவை ஆபத்தானவை அல்ல. ஒரு சிறிய பம்பு டீசலைச் சொட்டுச் சொட்டாக எரிகலத்துக்கு அனுப்புகிறது. எரிவதற்கான காற்று வேனுக்கு வெளியிலிருந்து வருகிறது. புகையும் வெளியே போகிறது. நாம் சுவாசிக்கும் காற்று அந்தக் கலத்தின் சூடான உலோகத்தை வெளிப்புறமாகத் தொட்டுச் சூடேறி உள்ளே திரும்புகிறது. இந்த இரண்டு காற்றும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. 2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குச் சுமார் கால் லிட்டர் டீசல்தான் செலவாகும்.

கலந்துவிட்டால் வருவது கார்பன் மோனாக்சைடு. தோட்டத்துப் புகைக்கூடத்தில் இரப்பர் தாள் உலர்த்திய பெரியவர்களுக்குப் புகை என்றால் கண் கரிக்கும், தொண்டை கமறும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு பிடிக்க வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது பிடித்துக்கொள்கிறது. உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம்.

இதற்கு ஹீட்டர்கூடத் தேவையில்லை. 2020 செப்டம்பர் இறுதியில், பட்டர்வொர்த்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உறங்கிய தோழிகளில் மூவர் உயிரிழந்தனர். இந்த வாயுவே காரணமாக இருக்கலாம் என அப்போது செய்திகள் வந்தன. தைப்பூசத்துக்குப் பத்துமலை போய், ஏர்கோனைப் போட்டுவிட்டு வேனிலேயே உறங்குகிற பழக்கம் நம்மவர்களிடம் நிறையவே உண்டு. குளிருக்குக் கரி அடுப்பை வேனுக்குள் எடுத்து வைப்பது அதைவிட மோசம். தணல் அடங்கிய பிறகும் கரி இந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

டீசல் ஹீட்டரில் முதலில் பார்க்க வேண்டியது புகைக்குழாய். அது வேனின் தரைக்கு அடியோடு நின்றுவிடாமல் பக்கவாட்டைத் தாண்டி வெளியே வர வேண்டும். கதவு, ஜன்னல், காற்று இழுக்கும் குழாய் எதற்கும் அருகில் அது முடியக்கூடாது. உள்ளே ஒரு இணைப்புகூட இருக்கக்கூடாது. சேற்றுப் பாதையில் போய் வந்தால் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எரியும்போது அது கடுமையாகச் சுடும், ஆகவே காய்ந்த லாலான் புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

டாங்கி, பம்பு எல்லாம் ஒரே பெட்டியாக வரும் ஹீட்டரைச் சிலர் வேனுக்குள் வைத்து, புகைக்குழாயை மட்டும் ஜன்னல் வழியே நீட்டுகிறார்கள். பணம் மிச்சம்தான், ஆனால் குழாய் நழுவினால் புகை முழுவதும் உள்ளேதான். பெட்டியை வெளியே வைத்து, சூடான காற்றை மட்டும் குழாய் வழியே உள்ளே விடுவதே சரி.

அணைக்கும்போது சுவிட்சை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். விசிறி சில நிமிடங்கள் ஓடி, எரிகலத்தைக் குளிர்வித்த பிறகு தானே நிற்கும். அதற்குள் பேட்டரி வயரைப் பிடுங்கினால் ஹீட்டர் கெட்டுப்போகும். டீசல் ஊற்றும்போது கட்டாயம் அணைத்திருக்க வேண்டும். நீண்ட நேரம் மிகக் குறைந்த சூட்டிலேயே ஓடினால் உள்ளே கரி படியும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கேமரனில் இது இன்னும் எளிதாக நடக்கும். அவ்வப்போது கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓட விடுவது நல்லது.

ஹீட்டர் வாங்குகிறவர்கள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் சேர்த்தே வாங்க வேண்டும். வீட்டில் மாட்டும் புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவைக் கண்டறியாது. கேம்பர் வேன்களுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 50291-2. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். உறங்குகிறவர்களின் தலைப்பக்கம் அதை மாட்டி, ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 15 டிகிரிக்கு இரண்டு கம்பளியும் ஒரு ஸ்வெட்டரும் போதும் என்பவர்களுக்கு இந்தச் செலவே இல்லை.

வேனில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால், இரவுச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே கதவுகளைத் திறந்து எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்; 999க்கு அழைக்க வேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவிடும் கருவி 98 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். இரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடையும் அந்தக் கருவி ஆக்சிஜன் என்றே கணக்கிடும்.