காரக் கோழிச்சோறும் மாலைச் செபமாலையும்

சிறுவாச்சூர்ப் பக்கம் மாலையில் வீடு சந்திக்கச் செல்கையில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வெங்காயக் காட்டில் வேலை முடித்துத் தாய் களைத்து வருகிறாள். பிள்ளைகளோ நெடுஞ்சாலைக் கடையின் ‘பிரைடு ரைஸ்’ பொட்டலம் கேட்கின்றனர். ஆளுக்கொரு நேரம் உண்பதால் குடும்பச் செபமாலை நின்றுபோகிறது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அவ்வுணவை அரைமணி நேரத்தில் வீட்டிலேயே ஆக்கலாம். கால் கிலோ எலும்பில்லாக் கோழிக்கறியைச் சிறு துண்டுகளாக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்புச் சேர்த்துப் பிசறி வையுங்கள். இரும்புச் சட்டியில் கடலை எண்ணெய் காய்ந்ததும் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், நம் மண்ணின் சின்ன வெங்காயம் வதக்கிக் கறியை இடுங்கள். அது உள்வரை நன்கு வெந்தபின், உதிரியான சோற்றையும் மிளகுத்தூளையும் சேர்த்து, தீயைக் கூட்டிக் கிளறுங்கள். தவக்கால வெள்ளிகளில் கோழிக்குப் பதில் காய்கறி சேர்க்கலாம்.

மதியம் மீந்த சோறாயின் கவனம் தேவை. வெந்த சோறு வெளியே நெடுநேரம் கிடந்தால் ‘பாசில்லஸ் சீரியஸ்’ என்னும் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் வறுத்தாலும் அழியாது. 1970களில் இங்கிலாந்தில் இத்தகைய வறுத்த சோற்றை உண்டு பலர் வாந்தியுற்றனர். எனவே, சோற்றை உடனே அகன்ற தட்டில் ஆற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லாதோர் புதிதாக வடிப்பதே நலம்.

ஐயாயிரம் பேர் உண்டபின் மீந்ததை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். மாலைப் பொழுதையும் அவ்வாறே சேர்ப்போம். தந்தை வெங்காயம் உரிக்கட்டும். பிள்ளைகள் தட்டு வைக்கட்டும். அப்போதுதான் தாய்க்கும் செபமாலை ஏந்த நேரம் வாய்க்கும்.