ஊருக்குப் போகும்போது ஆடு, மாடு, நாயைப் பார்த்துக்கொள்ள என்ன கூலி?



சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் நாம் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிறோம். ஆனால் நமக்குள்ளேயே நடக்கும் ஒரு வேலைக்கு மட்டும் கணக்கே இருப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, ஆஸ்பத்திரி என்று ஒருவர் கிளம்புவார். "யக்கா, நாலு நாள்ல வந்துடுறேன், ஆட்டைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் மிக்சர், ஒரு முழம் பூ வாங்கி வருவார். அதோடு சரி.

வியாசர்பாடிப் பக்கம் குழுக்களைப் பார்க்கப் போகும்போது இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. அங்கே இரண்டு விதமும் உண்டு. சத்தியமூர்த்தி நகர், முல்லை நகர் போன்ற இடங்களில் ஆடு, கோழி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம், "நாங்க ஊருக்குப் போறோம், நாய்க்கு ரெண்டு வேளை சாப்பாடு வெச்சிடும்மா" என்று அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் கேட்பதும் உண்டு. கிராமத்தில் இருக்கும் நமக்கு ஆடு, மாடு. பட்டணத்தில் இருக்கும் நம் அக்கா தங்கைகளுக்கு நாய், பூனையும் சேர்த்து. கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: இதற்கு என்ன கூலி நியாயம்?

கூலி கேட்பது தப்பா?

"பக்கத்து வீட்டுக்காரிகிட்ட போய் காசு கேக்கிறதா?" என்று சிலர் சங்கடப்படுவார்கள். ஒத்தாசை நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. வயல் வேலைக்கு மாற்றாள் போகிறோமே, அதுபோல இன்று நான் உன் ஆட்டைப் பார்க்கிறேன், அடுத்த மாதம் நீ என் ஆட்டைப் பார் என்றால் கணக்கு நேராகிவிடும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் ஆடே இல்லாத சகோதரிக்கு என்ன திரும்பக் கிடைக்கும்? அவர் எங்கும் போகாமல் வீட்டில் இருக்கிறார் என்பதாலேயே எல்லோரும் அவரிடம்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யோசித்துப் பாருங்கள், குழுவிலேயே சொத்து குறைந்த பெண்தான் மற்றவர்களின் சொத்தைச் சும்மா காவல் காக்கிறார். வளர்ந்த ஆடு ஒன்று பத்தாயிரம் ரூபாய் என்று வைத்தால்கூட, மூன்று ஆட்டைப் பார்ப்பவர் முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பொறுப்பேற்கிறார். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா வெள்ளாடு திட்டத்தில் ஏழைக் கிராமக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் கொடுத்தார்கள். அந்த நான்கை வைத்து முன்னுக்கு வந்த சகோதரிகளுக்கு ஆடு என்பது நடமாடும் சேமிப்பு என்று தெரியும். அதைக் காப்பதும் வேலைதான்.

கூலி பேசுவது கௌரவக் குறைச்சலும் இல்லை. வியாசர்பாடிக்குப் பக்கத்தில் பெரம்பூரில் பி அண்டு சி மில் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் ஒன்று சேர்ந்தார்கள். மதிய இடைவேளை அரை மணி நேரம் போதவில்லை என்பதும் அவர்கள் வைத்த குறைகளில் ஒன்று. நேரத்தைக் கணக்குப் பார்த்துப் பேச அவர்கள் வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நேரத்தை எண்ணுவோம்

"ஒரு ஆட்டுக்கு இவ்வளவு" என்று சும்மா ஒரு தொகை சொன்னால் இரண்டு பேருக்கும் திருப்தி வராது. வேலை எத்தனை மணி நேரம் என்று முதலில் எண்ண வேண்டும். அடுத்து ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று பார்க்க வேண்டும்.

மணிக்கூலிக்கு ஒரு அடிப்படை வேண்டுமே, அதற்கு இரண்டு அளவு இருக்கிறது. 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2018இல் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை நிர்ணயித்தது. அதுவும் அன்றைய விலைவாசிக்கு. ஆகவே மணிக்கு 42 ரூபாயை அடிமட்டமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் களை எடுக்க அதற்கு மேல் கூலி கிடைத்தால், அந்தக் கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்கும் நேரத்தில் அவர் அந்த வேலைக்குப் போயிருக்கலாம் அல்லவா?

மூன்று ஆடு, ஒன்பது நாள் என்று ஒரு கணக்குப் போடுவோம்.

காலையில் அவிழ்த்துவிட்டு, இடத்தைக் கூட்டி, தழை தண்ணீர் வைக்க: முக்கால் மணி நேரம்.
மதியம் தண்ணீர் வைத்துப் பார்த்துவர: கால் மணி நேரம்.
மாலையில் தேடி ஓட்டிவந்து, எண்ணிக் கட்டி, தழை போட: ஒரு மணி நேரம்.
மொத்தம் ஒரு நாளைக்கு 2 மணி நேரம். கூலி 84 ரூபாய்.
ஒன்பது நாளைக்கு 756 ரூபாய்.

ஆடு மூன்றுக்குப் பதில் ஆறு என்றால் கூலி இரண்டு மடங்கு ஆகாது. கூட்டுவதும் ஓட்டிவருவதும் கொஞ்சம்தான் கூடும். கூடுதல் நேரத்தை மட்டும் சேருங்கள். ஆனால் கூடவே போய் மேய்க்க வேண்டும் என்றால் அந்த மூன்று நான்கு மணி நேரத்தையும் எண்ண வேண்டும்.

தழை, தவிடு, மருந்துச் செலவு கூலியில் சேராது. அதை உரிமையாளர் கிளம்பும்போதே தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.

கறவை மாடு என்றால்

"பாலை நீயே எடுத்துக்கோ" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். கேட்கப் பெரிசாகத் தெரியும். கணக்குப் பாருங்கள். மாடு நாளைக்கு 6 லிட்டர் கறக்கிறது, லிட்டர் 35 ரூபாய் என்று வைப்போம். 210 ரூபாய் வரும். புண்ணாக்கு, தவிடு 90 ரூபாய் பார்ப்பவர் தலையில் என்றால் மிச்சம் 120. சாணி அள்ள, தீனி வைக்க, இரண்டு வேளை கறக்க 3 மணி நேரம் ஆனால் கூலி 126. ஆகவே ஏறக்குறைய சரிதான்.

அதே மாடு 4 லிட்டர்தான் கறந்தால்? 140 ரூபாயில் தீனி போக மிச்சம் 50. அப்போது பாலோடு கையில் பணமும் கொடுக்க வேண்டும். தீனியை உரிமையாளரே வாங்கி வைத்துவிட்டால் பார்ப்பவருக்கு 210 நிற்கும். அப்போது பாலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பால் வற்றிய மாட்டுக்கு முழுக்கப் பணம்தான்.

வாரத்துக்கு வளர்க்கும் முறை வேறு. ஒருவர் பெண் ஆட்டையோ கன்றையோ கொடுக்க, இன்னொருவர் மாதக்கணக்கில் வளர்த்து, பிறக்கும் குட்டியில் பங்கு எடுப்பார். ஆடு சினை தாங்கவே ஐந்து மாதம். அது நீண்ட காலத்துக்குப் பொருந்தும். ஒரு வாரம் பத்து நாளுக்கு "குட்டி போட்டா பாத்துக்கலாம்" என்று சொல்வது கூலி ஆகாது.

நாய் பார்க்கப் போகும் சகோதரிகளுக்கு

இங்கே நடை நேரத்தையும் எண்ண வேண்டும். காலை, மாலை முக்கால் மணி வீதம் வேலை, இரண்டு வேளையும் போகவர அரை அரை மணி என்றால் மொத்தம் இரண்டரை மணி. கூலி 105 ரூபாய். ஷேர் ஆட்டோ காசு தனி.

இது அடிமட்டம்தான், இதற்கு மேல் கேட்கலாம். அந்தக் குடும்பம் நாயை விடுதியில் விட்டால் ஒரு நாளைக்கே பல நூறு ரூபாய் ஆகும். நம் அடிமட்டத்துக்கும் அந்தத் தொகைக்கும் நடுவில்தான் நியாயமான கூலி இருக்கிறது. வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது, நாய்க்கு மாத்திரை கொடுக்க வேண்டும், பண்டிகை நாள் என்றால் அதைச் சொல்லிக் கூடுதலாகக் கேளுங்கள். இரவு தங்கச் சொன்னால் அதற்குத் தனியாகப் பேசுங்கள். நம் வீட்டுக் குழந்தைகளை யாரோ பார்த்துக்கொண்டால்தானே நாம் அங்கே தங்க முடியும்?

நாய்க்கு ஊசி போட்ட அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடித்தாலும் நகம் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. போகவர ஆகும் செலவும், அந்த நாட்களில் போகும் கூலியும் யார் கொடுப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆடு செத்துப்போனால் யார் பொறுப்பு?

சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்பது நாள் பார்த்ததற்குக் கூலி கிடையாது, ஆனால் ஒரு ஆடு செத்தால் பத்தாயிரம் கொடு என்று கேட்பார்கள். குழுவே உடைந்துபோகும்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. அடுத்தவர் பொருளை ஒப்புக்கொண்டு வாங்கினால், சாதாரண புத்தியுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் பொருளுக்குச் சேதம் வந்தால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பார்த்தவர் பொறுப்பில்லை. ஆகவே "செத்தா நான் தர்றேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். ஆனால் கட்டாமல் விட்டு ரோட்டில் அடிபட்டாலோ, நோய் கண்டும் சொல்லாமல் இருந்தாலோ அது நம் பொறுப்பில்தான் வரும்.

கூலி இல்லாமல் ஒத்தாசையாகவே பார்த்தாலும், அவசியமாகச் செய்த செலவை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இன்னொன்று, பார்க்கச் சொன்ன பசு கன்று போட்டால் கன்றையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். இந்தப் பசு உதாரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

சென்னையில் இன்னொரு செலவும் உண்டு. ரோட்டில் திரியும் மாட்டை மாநகராட்சி பிடித்துப்போனால் ஆயிரக்கணக்கில் அபராதம் கட்ட வேண்டும். மாடு வழக்கமாகவே அவிழ்த்துவிடும் மாடு என்றால் அந்த அபராதம் உரிமையாளருடையது. கட்டி வைக்கச் சொல்லியும் பார்ப்பவர் அவிழ்த்துவிட்டால் அவருடையது. இதையும் பேசிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் பேச வேண்டியவை

1. எத்தனை உருப்படி, எந்த நிறம், எதற்கு என்ன அடையாளம். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. எத்தனை நாள், நாளைக்கு என்ன கூலி. பாதியை முன்பணமாகக் கொடுப்பது நல்லது. வர ஒரு நாள் தாமதமானால் அந்த நாளுக்கும் கூலி உண்டு.

3. தீனிச் செலவு தனி. என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆட்டுக்குச் சோறு, அரிசி நிறைய வைத்தால் வயிறு கெட்டு உயிருக்கே ஆபத்து. மழைக்குப் பிறகு முளைத்த இளம் புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும். பட்டணத்தில் பிளாஸ்டிக் பை தின்னாமல் பார்க்க வேண்டும்.

4. நோய் வந்தால் யாருக்குப் போன் செய்வது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். வியாசர்பாடிக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டவே இருக்கிறது. உரிமையாளரைப் பிடிக்க முடியாவிட்டால் எத்தனை ரூபாய் வரை கேட்காமலே செலவு செய்யலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

5. சினை ஆடு, சினை மாடு என்றால் ராத்திரி கண் விழிக்க வேண்டிவரும். அதற்குத் தனிக் கூலி.

இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, குழு ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ காட்டிவிடுங்கள். நம்பிக்கை இல்லாமல் எழுதுவது என்று நினைக்க வேண்டாம். மறந்துபோகாமல் இருக்கத்தான் எழுதுகிறோம், உள்கடனுக்கு எழுதுவது போல.

குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். ஆடு, மாடு, கோழி ஒவ்வொன்றுக்கும் நம் ஊரில் நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, மணிக்கு என்ன கூலி என்று முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதுங்கள். குழுவே தொகையை முடிவு செய்துவிட்டால், கேட்கிறவருக்கும் சங்கடமில்லை, கொடுக்கிறவருக்கும் வருத்தமில்லை. மாற்றாள் முறையில் பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அதையும் நாள் கணக்கு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பேசும்போது கால்நடை இல்லாத உறுப்பினர்களை முதலில் பேச விடுங்கள் சகோதரிகளே. இத்தனை நாள் சும்மா பார்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். என்ன கூலி நியாயம் என்று அவர்கள் வாயால் வரட்டும்.