முதுகு வளைய வேண்டாம், வண்டி உயரட்டும்

மகாராஷ்டிரத்தில் நாசிக் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே திராட்சை பெரிய பயிர். நிபாட், திண்டோரி தாலுகாக்களில் பஸ்ஸில் போனால் சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள் தெரியும்.

பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் போக முடியாது. மேலே கொடி இடிக்கும். பக்கத்தில் கல்தூண் இடிக்கும். அதனால் அங்கே சின்ன டிராக்டர்கள் ஓடுகின்றன. இவை உயரம் குறைந்தவை, அகலமும் குறைந்தவை. குஜராத்தில் ராஜ்கோட் போன்ற ஊர்களில் இப்படிப்பட்ட டிராக்டர்களைத் தயாரிக்கிறார்கள்.

அக்டோபர் மாதம் கொடியைக் கவாத்து செய்வார்கள். அதற்குப் பிறகு மருந்து அடிக்கும் வேலை தொடங்கும். அந்த நேரத்தில் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் வரும். உடனே மருந்து அடிக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் குலை கெட்டுவிடும். அப்போது பார்த்து டிராக்டர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? விவசாயி மிஸ்திரிக்கு ஆள் அனுப்புவார். அந்தப் பக்கத்தில் மெக்கானிக்கை மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மிஸ்திரி பையோடு வருவார். வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். குனிவார். குந்துவார். பிறகு மண்ணில் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுப்பார். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வார். மறு கை இடுப்பில் இருக்கும்.

டிராக்டர் சின்னதாக இருப்பது தோட்டத்துக்கு நல்லது. ஆனால் ரிப்பேர் செய்கிறவருக்கு அதுவே கஷ்டம். பெரிய டிராக்டரில் நின்றபடியே பல வேலைகளைச் செய்யலாம். சின்ன டிராக்டரில் எல்லாமே கீழே இருக்கும். எண்ணெய் திறந்துவிடும் நட்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில்தான் இருக்கும். அசாமிலும் மேற்கு வங்கத்திலும் நெல் வயலில் பவர் டில்லர் ஓட்டுகிறார்கள். அதை ரிப்பேர் செய்கிறவர்களுக்கும் இதே பாடுதான்.

குனிந்தால் ஏன் வலிக்கிறது?

கிணற்றில் ஏற்றம் பார்த்திருப்பீர்கள். நீளமான மரம். ஒரு முனையில் சால் தொங்கும். தாங்கும் இடம் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே பாரம் போதும். தாங்கும் இடம் ஒரு முனைக்குப் பக்கத்தில் இருந்தால்? அந்தக் குட்டையான பக்கத்தில் பல மடங்கு பாரம் வைத்தால்தான் மரம் சமமாக நிற்கும்.

நம் முதுகும் அப்படித்தான். தாங்கும் இடம் முதுகெலும்பு. முன்னால் கையில் சுமை இருக்கிறது. பின்னால் முதுகுத் தசை அதை இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை எலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. சுமையோ தூரத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டர் பேட்டரி சுமார் 20 கிலோ எடை. குனிந்து கையை நீட்டி அதைத் தூக்குகிறோம். பேட்டரி முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 40 என்பது 5-ஐப் போல 8 மடங்கு. ஆகவே தசையும் 8 மடங்கு இழுக்க வேண்டும். 20 கிலோவை 8 ஆல் பெருக்குங்கள். 160 கிலோ!

இது பேட்டரிக்கு மட்டும்தான். குனியும்போது நம் தலை, தோள், நெஞ்சு எல்லாமே முன்னால் தொங்குகின்றன. அவற்றையும் அதே தசைதான் பிடிக்கிறது. அதனால்தான் கையில் ஒரு ஸ்பானர் மட்டும் இருந்தாலும், அரை மணி நேரம் குனிந்து நின்றால் இடுப்பு கடுக்கிறது.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. நடுவில் மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. அதை டிஸ்க் என்பார்கள். வட்டின் ஓரம் நார் போலக் கெட்டியாக இருக்கும். உள்ளே கூழ் போல இருக்கும். குனிந்தபடி பாரம் தூக்கும்போது வட்டின் முன்பக்கம் நசுங்குகிறது. கூழ் பின்பக்கமாகத் தள்ளப்படுகிறது. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் நார் கிழியலாம். கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தலாம். அப்போது வலி இடுப்போடு நிற்காது. தொடை வழியாகப் பாதம் வரை இறங்கும். கால் மரத்துப்போகும். மரத்த கால் பலம் இழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

நாவிதரின் நாற்காலி

சலூன் கடை நாற்காலியைக் கவனித்திருக்கிறீர்களா? சில கடைகளில் நாற்காலியின் கீழே ஒரு மிதி இருக்கும். அதை மிதித்தால் நாற்காலி மேலே ஏறும். குள்ளமானவர் உட்கார்ந்தால் நாவிதர் குனிவதில்லை. வாடிக்கையாளரை உயர்த்திவிடுகிறார். நாள் முழுவதும் நிற்கிற தொழில் அது. முதுகைக் காப்பாற்ற அவர்களுக்கு வழி தெரிந்திருக்கிறது.

டிராக்டர் பட்டறைக்கும் இதுதான் வழி. மனிதன் வண்டியிடம் இறங்கிப் போக வேண்டாம். வண்டி மனிதனிடம் ஏறி வரட்டும்.

எவ்வளவு உயரம் வேண்டும்? நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கிப் பாருங்கள். சின்ன வேலை, கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை என்றால் அது முழங்கை உயரத்தில் இருக்கலாம். நட்டை அழுத்தித் திருப்புகிற வேலை என்றால் முழங்கைக்கு ஒரு ஜாண் கீழே இருந்தால் நல்லது.

ஒரு கையால் ஒரு டன்

800 கிலோ வண்டியை ஒருவர் எப்படித் தூக்குவது? இதற்கு உதவுவது ஜாக்கி. லாரி டிரைவர்கள் வைத்திருக்கிற, பாட்டில் போன்ற ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள்.

அதற்குள் எண்ணெய் இருக்கிறது. ஒரு சின்னக் குழாய், ஒரு பெரிய குழாய். இரண்டிலும் அடைப்புத் தண்டு இருக்கிறது. சின்னத் தண்டை அழுத்தினால் அந்த அழுத்தம் எண்ணெய் முழுவதும் பரவுகிறது. பெரிய தண்டு அகலமானது. அதனால் அதன் மேல் பல மடங்கு பலம் கிடைக்கிறது. 1600-களில் பிரான்சில் வாழ்ந்த பாஸ்கல் என்ற அறிஞர் இந்த உண்மையை விளக்கினார். 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் இதை வைத்து ஓர் அழுத்தும் யந்திரம் செய்தார். இன்றைய ஜாக்கி அதன் வழியில் வந்ததுதான்.

சின்னத் தண்டு 1 சென்டிமீட்டர் அகலம், பெரிய தண்டு 4 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பலம் 16 மடங்காகும். பிடி நீளமாக இருப்பதால் இன்னொரு 10 மடங்கு கிடைக்கிறது. கையால் 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் மேலே 1,600 கிலோ வரை தூக்கலாம். உராய்வில் கொஞ்சம் போகும். போனாலும் சின்ன டிராக்டருக்கு இது தாராளம்.

இதில் இனாம் ஒன்றும் இல்லை. சின்னத் தண்டு 16 மில்லிமீட்டர் இறங்கினால் பெரிய தண்டு 1 மில்லிமீட்டர்தான் ஏறும். அதனால்தான் பல முறை அடிக்க வேண்டியிருக்கிறது. பலத்தை வாங்கிக்கொண்டு நேரத்தைக் கொடுக்கிறோம். செயின் பிளாக்கும் அப்படியே. பல அடி சங்கிலியை இழுத்தால் எஞ்சின் சில அங்குலம் மேலே வரும். பவர் டில்லர் எஞ்சினே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை இரண்டு பேர் கட்டிப்பிடித்துத் தூக்குவதைவிடச் செயின் பிளாக் எவ்வளவோ மேல்.

ஜாக்கி தூக்கும், ஸ்டாண்டு தாங்கும்

இந்த ஒரு வரியைப் பட்டறைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்கி நிற்பதற்கு அல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்தால் எண்ணெய் கசியும். வண்டி இறங்கிவிடும். அடியில் ஆள் இருந்தால் நசுங்கிவிடுவார். முதுகு வலிக்குச் சிகிச்சை உண்டு. இதற்கு இல்லை.

ஆகவே தூக்கியவுடன் அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லையா? கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். செங்கல் வைக்கக் கூடாது. உள்ளே ஓட்டையுள்ள சிமெண்ட் கல்லும் கூடாது. அவை பார்ப்பதற்குக் கெட்டி. ஒரு மூலையில் பாரம் ஏறினால் சட்டென்று உடையும்.

தூக்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பிரேக் போட வேண்டும். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். தோட்டத்து மண் இளகியது, ஜாக்கி புதைந்துவிடும். அடியில் தடித்த பலகை ஒன்றைப் போடுங்கள். ஜாக்கியை எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். அது மெல்லிய தகடு.

டிராக்டரில் இன்னொரு விஷயம் உண்டு. நல்ல மிஸ்திரிகளுக்கு இது தெரியும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்குத் தெரிவதில்லை. டிராக்டரின் முன் அச்சு காரில் இருப்பது போல இல்லை. நடுவில் ஒரே ஒரு ஊசியில் தராசு போல ஆடும். மேடு பள்ளத்தில் போவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பின் சக்கரத்தைத் தூக்கினால், இந்த ஊசியின் மேல் வண்டி ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். அதனால் முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்க வேண்டும். பத்து நிமிஷ வேலைதான். இதைச் செய்யாமல் கவிழ்ந்த வண்டிகள் உண்டு.

கலப்பை போன்ற கருவிகள் பின்னால் தூக்கி நின்றால் முதலில் தரையில் இறக்குங்கள். யாராவது லீவரைத் தொட்டால் அது விழும். அதற்கு அடியில் காலை நீட்டக் கூடாது.

செயின் பிளாக்கை மரக்கிளையில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கிளை எவ்வளவு தாங்கும் என்று கிளைக்கே தெரியாது! இரும்புக் குழாயில் செய்த முக்காலிச் சட்டம் நல்லது. அதன் மூன்று கால்களையும் கீழே சங்கிலியால் இணைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது கால் விரியும். எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று செயின் பிளாக்கிலேயே எழுதியிருக்கும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்து மாட்டுங்கள். கொக்கி விரிந்திருந்தால் அது வேண்டாம்.

காசு இல்லையே என்றால்?

பெரிய நகரத்துச் சர்வீஸ் சென்டரில் பட்டனை அழுத்தினால் வண்டி தலைக்கு மேல் ஏறும். கிராமத்துப் பட்டறையில் அது நடக்காது. ஆனால் இரண்டு சிமெண்ட் மேடைகள் கட்ட முடியும். சக்கரங்கள் நிற்கும் அகலத்தில் இரண்டு மேடைகள். நடுவில் ஆள் நிற்க இடம். உயரம் இரண்டரை அடி. வண்டி ஏறுவதற்கு நீளமான சரிவு வேண்டும். குறைந்தது பத்து அடி. சரிவு செங்குத்தாக இருந்தால் டிராக்டரின் மூக்கு தூக்கிப் பின்பக்கம் கவிழலாம். ரிவர்ஸ் கியரில் ஏற்றுவது நல்லது. மேடையின் முனையில் சக்கரம் தாண்டிவிடாதபடி ஒரு தடுப்பு வேண்டும்.

மேடையும் வேண்டாம் என்றால், கழற்றிய பாகத்தையாவது தரையில் போட்டு வேலை செய்யாதீர்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெஞ்சு போடுங்கள். பழைய மரம் போதும். பேட்டரியை இறக்கும்போது இரண்டு பேர் பிடியுங்கள். உடம்போடு அணைத்துப் பிடித்தால் 40 சென்டிமீட்டர் 20 ஆகும். தசையின் பாரம் பாதியாகும். ஜாக்கி வாங்கக் காசில்லை என்பவர்கள் வலி மாத்திரைக்குச் செலவழிப்பதைக் கணக்கில் எழுதுவதில்லை.

1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தில், பாரம் தூக்கும் யந்திரத்தையும் சங்கிலியையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று இருந்தது. உடம்புக்குக் கேடு தரும் அளவுக்கு யாரையும் பாரம் தூக்க வைக்கக் கூடாது என்றும் இருந்தது. ஆனால் இரண்டு மூன்று பேர் வேலை செய்கிற சாலையோரப் பட்டறைக்குப் பொதுவாக அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அங்கே சங்கிலியைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள். மிஸ்திரியே சோதிக்க வேண்டும். மாதம் ஒரு நாள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் துணியால் துடைத்துப் பார்த்தால் போதும். நீண்டிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

வேலை முடிந்த பிறகு அவசரம் வேண்டாம். கருவிகளை எண்ணிப் பையில் போடுங்கள். பையன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். ஜாக்கியால் கொஞ்சம் தூக்கி, முதலில் ஸ்டாண்டை எடுங்கள். பிறகு ஜாக்கியின் திருகை மெல்லத் திருப்புங்கள். முழுச் சுற்று வேண்டாம், கால் சுற்றே அதிகம். வண்டி மெதுவாக இறங்கிச் சக்கரம் மண்ணைத் தொடும். அதன் பிறகு ஆப்பையும் கட்டையையும் எடுக்கலாம்.