சரிகையின் தரமும் கட்டுப்பாட்டு வரைபடமும்

காஞ்சிபுரத்துப் பட்டுக்குச் சிறப்புத் தருவது சரிகை. பட்டிழைமீது வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவர். உள்ளிருக்கும் வெள்ளி குறைந்தால் அது கண்ணுக்குப் புலனாகாது. பழியோ சரிகையைச் செய்தவரை விட்டு நெய்தவர்மேல் விழும். அக்குறைவை எவ்வளவு விரைவில் அறியலாம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

காஞ்சிக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுப் பொன் வாரியத்தைக் குறிக்கின்றது. பொன்னின் மாற்றை ஆராய்தல் அதன் கடமை என்பர். உரைகல் கையிலுள்ள பொன்னின் மாற்றைக் காட்டும். நேற்றைய பொன்னை அது நினைவில் வையாது.

அமெரிக்கத் தொலைபேசித் தொழிலிற் பணியாற்றிய ஷூஹார்ட் 1924இல் வகுத்த வரைபடம் சோதனைகளை வரிசையாகக் குறிப்பது. சராசரிக் கோட்டின் மேலும் கீழும் மும்மடங்கு திட்ட விலக்கத்தில் எல்லைகள் அமையும். வாங்குவோர் விதிக்கும் வரையறை வேறு. தொழிலின் இயல்பான ஏற்றத்தாழ்விலிருந்து பிறக்கும் இவ்வெல்லை வேறு. இரண்டையும் 'எல்லை' என்றே வழங்குவதால் மயக்கம் நேர்கின்றது. 'கட்டுப்பாடு' என்பதும் நிறைவான சொல்லன்று. வரைபடம் எதனையும் கட்டுப்படுத்துவதில்லை, அறிவிப்பதேயன்றி.

சோதனை அளவுகள் இயல்நிலைப் பரவலில் ஒன்றையொன்று சாராது அமைவனவெனக் கொள்வோம். மாற்றமே நிகழாதபோது இவ்வரைபடம் சராசரியாக 370 சோதனைகளுக்கு ஒருமுறை பொய்யறிவிப்புத் தரும். சராசரி ஒரு திட்ட விலக்கம் இறங்கினாலோ, அதனை அறிய ஏறத்தாழ 44 சோதனைகள் வேண்டும். நான்கு நான்காகச் சோதித்துச் சராசரி கண்டால் ஆறு தொகுதிகளில் அறியலாம். ஆயினும் அவை 25 சோதனைகளாகும். வேதியல் முறையிற் சோதித்த சரிகை மீளாதாகலின் இச்செலவு சிறிதன்று.

பேஜ் என்பார் 1954இல் வெளியிட்ட திரள்கூட்டு முறை நேற்றையதையும் நினைவிற் கொள்வது. ஒவ்வொரு சோதனையிலும் காணும் குறைவிலிருந்து அரைத் திட்ட விலக்கத்தைக் கழித்து, எஞ்சியதை முன்னைத் தொகையோடு கூட்டுவர்; தொகை எதிர்மமானால் சுழியிலிருந்து தொடங்குவர்; ஐந்து திட்ட விலக்கத்தைக் கடந்தால் அறிவிப்பு. மிகுதியையும் இவ்வாறே தனியே கூட்டுவர். இருபுறமும் நோக்கும் இவ்வமைப்பில் பொய்யறிவிப்பு 465 சோதனைகளுக்கு ஒருமுறை. ஒரு திட்ட விலக்க இறக்கமோ பத்துச் சோதனைகளிலேயே வெளிப்படும். திடீரென மூன்று திட்ட விலக்கம் இறங்கினால் மட்டும் ஷூஹார்ட் முறை சற்றே முந்தும்: அதற்கு இரண்டு, இதற்கு இரண்டரை.

வெள்ளி சிறிது சிறிதாகக் குறைவதே அஞ்சத்தக்கதாகலின், சரிகைக்குத் திரள்கூட்டு முறையே பொருந்தும் என்பது எம் கருத்து. ஆயினும் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் முதலில் கணிக்கும் இருபது இருபத்தைந்து சோதனைகளிலேயே குறைவு கலந்திருந்தால், எம்முறையும் அதனை இயல்பெனவே கொள்ளும்.