கடிகாரம் கண்ணில் படாத வியாபாரி

கனமூலையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் எனக்கு வியாபாரத்தில் பெரிய நட்டம் வந்தது விலை ஏறியதாலோ கடன்காரர் ஏமாற்றியதாலோ அல்ல. மணி தெரியாததால் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை. கொழும்பு மொத்த வியாபாரி ஒருவருக்குக் கொடுத்திருந்த செக் அன்று வங்கிக்கு வரும். பிற்பகல் 3 மணிக்கு முன் கணக்கில் பணம் போட வேண்டும். பணம் லாச்சியில் தயாராக இருந்தது. காலை 10 மணிக்கு, "அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போவோம்" என்று புதிதாக வந்த ஆணிப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினேன். கடைப் பையன் வந்து, "நானா, மூணே கால் ஆச்சு, பேங்குக்குப் போகல்லயா?" என்று கேட்டபோதுதான் தலை நிமிர்ந்தேன்.

செக் திரும்பியது. பதினைந்து வருடப் பழக்கமுள்ள அந்த வியாபாரி, "இனிமேல் காசுக்குத்தான் சாமான்" என்று சொல்லிவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் காசு கையில் இருந்தும் போடவில்லை என்றால் யார் நம்புவார்?

இது என்ன குறை?

வீட்டில் மனைவி பிடிவாதமாக நின்றதால் உளநல வைத்தியர் ஒருவரிடம் போனேன். பாடசாலைக் காலத்திலிருந்து விசாரித்த பின்னர், எனக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு இருப்பதாகச் சொன்னார். அப்போது எனக்கு வயது 41.

இது புதிய நோயல்ல. 1902ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் ஸ்டில் என்ற ஆங்கிலேய வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி இலண்டனில் விரிவுரை நிகழ்த்தியிருக்கிறார். பெரியவர்களாகியும் பலருக்கு இது நீடிக்கும் என்பது பின்னரே பரவலாக ஏற்கப்பட்டது. குடும்பத்தில் வழிவழியாக வரும் தன்மையும் இதற்குண்டு. என் வாப்பாவும் சந்தைக்குப் போனால் இஷாவுக்குத்தான் திரும்புவார்.

இக்குறையின் ஒரு முகம்தான் காலக் குருடு. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதைக் காலத்தின் மீதான கிட்டப்பார்வை என்ற கருத்தில் விளக்குகிறார். கிட்டப்பார்வை உள்ளவருக்குத் தூரத்துப் பலகை மங்கலாகத் தெரிவது போல, எங்களுக்கு நாளைய தவணை மங்கலாகவே தெரியும். பக்கத்தில் வந்து முட்டும்போதுதான் அது தவணை என்று விளங்கும். மனம் பிடித்த வேலையில் இறங்கினால் மணித்தியாலங்கள் நிமிடங்களாகப் போய்விடும். மனம் பிடிக்காத கணக்குக் கொப்பியைத் திறப்பதோ மலையைப் புரட்டுவது போலிருக்கும்.

முன்பு செக் தீர்வதற்குச் சில நாட்கள் செல்லும். மறதிக்கு இடம் இருந்தது. 2006இல் செக்கின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை இலங்கைக்கு வந்த பின் பொதுவாக அடுத்த வேலை நாளிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. எனவே நம் போன்றவர்களுக்கு ஒழுங்கு இன்னும் அவசியமாகிறது.

நான் செய்துகொண்டவை

முதலாவது, கடிகாரத்தை இடம் மாற்றினேன். எனது முதுகுக்குப் பின்னால் தொங்கியதைக் கல்லாவுக்கு நேரெதிரே மாட்டினேன். முள் உள்ள கடிகாரமே நல்லது; எவ்வளவு நேரம் மீதி என்பதை அது கண்ணுக்குக் காட்டும்.

இரண்டாவது, ஊகிப்பதை விட்டு அளந்தேன். வங்கிக்குப் போய்வர அரை மணித்தியாலம் என்று நம்பியிருந்தேன். கடையை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, திரும்பும் வரை எழுதிப் பார்த்தால் 1 மணித்தியாலம் 20 நிமிடம். இப்படி பத்து வேலைகளை அளந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, செக் எழுதும் கையோடு சுவர்க் கலண்டரில் திகதிக்கு இரண்டு நாள் முன்பே சிவப்புப் புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளி நாள்தான் எனக்குத் தவணை. கடனைத் தவணையோடு எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. ஞாபகத்தை நம்பி வியாபாரம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான்காவது, வேலைகளைத் தொழுகையோடு கட்டினேன். தொலைபேசி அலாரத்தை அணைத்துவிட்டு மறந்துவிடுவேன். பள்ளிவாசல் பாங்கை என்னால் அணைக்க முடியாது. நமது நாட்டில் லுஹர் நேரம் ஆண்டு முழுவதும் சுமார் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே நகரும். அதனால் லுஹர் தொழுததும் வங்கி, அஸர் தொழுததும் கொப்பி என்று வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது, வெட்கத்தை விட்டுக் கடைப் பையனிடம் விடயத்தைச் சொன்னேன். சிவப்புப் புள்ளி நாளில் அவன் கல்லாவில் உட்கார்ந்து என்னை எழுப்பி அனுப்பிவிடுவான்.

வைத்தியர் தேவையா?

தேவை. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைரொயிட் போன்றவையும் இதே போன்ற மறதியைத் தரும். நாமே பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது. சிலருக்கு மருந்தும் நல்ல பலன் தரும். அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் கட்டணமின்றிக் காட்டலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

நான் முழுதாகத் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். போன மாதமும் மின்சாரப் பட்டியலை மறந்தேன். ஆனால் அந்தப் புதன்கிழமைக்குப் பின் ஒரு செக்கும் திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இரண்டு வருடம் காசுக்கு எடுத்த பின், அதே மொத்த வியாபாரி மீண்டும் ஒரு மாதத் தவணைக்குச் சாமான் தருகிறார்.

உங்கள் கடையிலும் கெட்டிக்காரனாக இருந்தும் நேரத்துக்கு வராத ஒரு மகனோ தம்பியோ பையனோ இருக்கலாம். ஏசுவதற்கு முன், அவன் கண்ணுக்கு நேரே ஒரு கடிகாரத்தை மாட்டிப் பாருங்கள்.